ஏற்றுவதா, மாறுவதா, அப்படியே விடுவதா: விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, லினக்ஸ் போட்டுடலாமா?" என்று கேட்பவர்களிடம் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: கோப்புகளைச் சேமிக்க உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா? பலருக்குப் பதில் தெரிவதில்லை. தெரியாமலே இயங்குதளத்தின் மேல் பழியைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுவி, மூன்றாம் நாள் "இதுவும் ஸ்லோதான்" என்று வந்து நிற்பார்கள்.

கணினி மெதுவாக இருப்பது ஒரு நோய். இயங்குதளத்துக்கு வயதாகிவிட்டது என்பது வேறொரு நோய். முதலாவதுக்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் இரண்டுமே தீராது. ஆகவே இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலில், அவசரம் எவ்வளவு?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. முடிந்தது என்றால் மறுநாள் காலை கணினி திறக்காது என்று பொருள் இல்லை. வழக்கம்போலத் திறக்கும், பாட்டுப் பாடும், பிரிண்ட் எடுக்கும். நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

அது சின்ன விஷயமும் இல்லை. விண்டோஸ் 10க்கும் அடுத்து வந்த 11க்கும் உள்ளே பொதுவான பாகங்கள் நிறைய. 11இல் ஒரு ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிடும்போது, எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே 10இல் அதே ஓட்டை திறந்து கிடப்பதைத் திருடன் கண்டுகொள்ளலாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல் நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போடாமல் விட்டிருந்த கணினிகளும், திருத்தம் பெறும் காலம் கடந்துபோன பழைய கணினிகளுமே மாட்டின.

ஆற அமர யோசிக்க நேரம் வேண்டும் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தனிநபர் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் என்று ஒன்று, 2026 அக்டோபர் 13 வரை. கணினியில் இருப்பது விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளும் இணைப்பு தெரியும். இதில் புதிய வசதி எதுவும் வராது, திருத்தம் மட்டும் வரும். வாங்கிய அவகாசத்தில் முடிவெடுங்கள். அதையே முடிவாக்கிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள்.

படி 1: நோயைக் கண்டுபிடிப்பது

கணினியைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். இடப்பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். டிஸ்க் பெயருக்குக் கீழே எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று போட்டிருக்கும்.

எச்டிடி என்று இருந்து, நீங்கள் எதையும் தொடாமலே அது 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், நோய் அதுதான். சிபியு பக்கம் பாருங்கள், 10 சதவீதம்கூட ஓடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். சமையல்காரர் தயாராக நிற்கிறார், காய்கறி கொண்டுவருகிறவர்தான் வந்துசேரவில்லை. சுழலும் தட்டின் மேல் ஊசி ஓடி ஓடிச் சின்னச் சின்னக் கோப்புகளைப் பொறுக்க வேண்டியிருப்பதால் வரும் தாமதம் இது. எஸ்எஸ்டியில் சுழலுகிற பாகமே கிடையாது. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதே இணைப்பில் மாட்டும் ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். எந்த இயங்குதளமும் கொடுக்காத வித்தியாசம் தெரியும்.

மெமரி மட்டும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் பிரவுசரில் பதினைந்து டேப் திறந்துவைத்துவிட்டு விண்டோஸைத் திட்டுவது நியாயமில்லை. லினக்ஸுக்குப் போனாலும் அந்தப் பதினைந்து டேபும் கிட்டத்தட்ட அதே மெமரியைத்தான் கேட்கும். இயங்குதளத்தின் பங்கு குறையும், பிரவுசரின் பசி குறையாது.

இந்தப் படியிலேயே சிலருக்குக் கதை முடிந்துவிடும். எஸ்எஸ்டி போட்டதும் வேகம் வந்துவிட்டால், மிச்சம் இருப்பது ஆதரவு முடிந்த பிரச்சினை மட்டும்தான்.

படி 2: என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்

காகிதத்தில் எழுதச் சொல்கிறேன், மனக்கணக்கு வேண்டாம். ஒரு வாரம் கணினி பக்கத்தில் ஒரு தாளை வைத்து, திறக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் குறித்துக்கொண்டே வாருங்கள். வார இறுதியில் தாளில் மூன்று வகை தெரியும்.

ஒன்று, பிரவுசருக்குள்ளேயே நடக்கும் வேலைகள்: மின்னஞ்சல், வங்கி, வீடியோ, இணைய வகுப்பு. இவை எந்த இயங்குதளத்திலும் நடக்கும். இரண்டாவது, எல்லா இடத்திலும் கிடைக்கும் மென்பொருள்கள்: விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், கிம்ப், தண்டர்பேர்ட், வேர்டு, எக்செல் வேலைகளைச் செய்யும் இலவச லிப்ரேஆஃபிஸ். மூன்றாவதுதான் முடிவைத் தீர்மானிப்பது, அதாவது விண்டோஸில் மட்டும் ஓடுபவை. கணக்கு மென்பொருள், ஃபோட்டோஷாப், மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) எழுதிய எக்செல் கோப்புகள், டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன், பழைய ஸ்கேனருக்கு அந்தக் கம்பெனியே கொடுத்த நிரல், ஏமாற்றுத் தடுப்பு பொருத்திய ஆன்லைன் விளையாட்டுகள்.

மூன்றாவது வகையில் ஒன்றாவது இருந்து, அது உங்கள் பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்றால், லினக்ஸ் பற்றிய பகுதியை ஆர்வத்துக்காக மட்டும் படியுங்கள். வைன் என்கிற இடைநிலை மென்பொருள் மூலம் சில விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டலாம்தான். அதை நம்பி மாதக் கடைசிக் கணக்கை முடிக்க உட்காராதீர்கள்.

படி 3: மென்பொருளை முதலில் மாற்றுங்கள், இயங்குதளம் அப்புறம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸுக்குப் போனால் என்னென்ன பயன்படுத்தப்போகிறீர்களோ, அவற்றில் பெரும்பாலானவற்றை இப்போதே விண்டோஸில் நிறுவிக்கொள்ளலாம். லிப்ரேஆஃபிஸ் விண்டோஸிலும் ஓடும். அதைப் போட்டு ஒரு மாதம் அதிலேயே வேலை செய்யுங்கள்.

உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான மூன்று வேர்டு, எக்செல் கோப்புகளின் நகலை அதில் திறந்து பாருங்கள். பயோடேட்டாவில் கையெழுத்துப் போடும் வரி மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்கு நழுவியிருக்கிறதா? அட்டவணையில் கட்டங்கள் விலகியிருக்கின்றனவா? லினக்ஸில் திறக்கும்போது நழுவினால் பெரும்பாலும் எழுத்துரு காரணமாக இருக்கும். காலிப்ரி, கேம்ப்ரியா இரண்டும் மைக்ரோசாஃப்டுடையவை, லினக்ஸோடு வருவதில்லை. அவற்றின் எழுத்து அகலத்தை அப்படியே கொண்ட கார்லிட்டோ, கேலடியா என்ற மாற்றுகள் உண்டு. அவற்றைப் போட்டால் வரிகள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மேக்ரோ உடைந்தால் மட்டும் எழுத்துருவால் ஒன்றும் ஆகாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11இல் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்போடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக் கோப்பையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும்.

ஒரு மாதம் தாண்டியும் எரிச்சல் வரவில்லை என்றால் பாதி ஆற்றைக் கடந்துவிட்டீர்கள். எரிச்சல் வந்தால் லிப்ரேஆஃபிஸை நீக்கிவிடுங்கள், அவ்வளவுதான் நஷ்டம்.

படி 4: கணினி 11ஐத் தாங்குமா?

விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ (கணினி திறக்கும்போது முதலில் ஓடும் புதிய வகை அடிப்படை நிரல்), செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் தொடங்கவிடும் காவல்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சில்லு). ரேமும் இடமும் பலரிடம் இருக்கும். உதைப்பது செயலியும் டிபிஎம்மும்தான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன நிரலை ஓட்டினால் எது இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று சொன்னால் உடனே கைவிட வேண்டாம். இருந்தும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் விசை அழுத்தி நுழையும் அமைப்புத் திரை) அணைந்து கிடக்கும் கணினிகள் நிறைய. இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

பயாஸில் கை வைக்கும் முன் ஒரு காரியம். உங்கள் டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்காமலே அது இயங்கியிருக்கக்கூடும். பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று இருக்கும், பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பயாஸ் பக்கம் போக வேண்டும். அமைப்பு மாறியதைக் கண்டதும் அது சாவி கேட்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை மீட்க வழியில்லை.

தகுதியில்லாத கணினியிலும் 11ஐ ஏற்றும் குறுக்கு வழிகள் இணையத்தில் ஏராளம். அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தம் தொடர்ந்து வரும் என்று உறுதி தரமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பில், சில பழைய செயலிகளில் இல்லாத கட்டளைகள் தேவைப்பட்டதால் கோர் 2 டியோ போன்றவை திறக்கவே மறுத்தன. விளையாட்டுக்கு வைத்திருக்கும் இரண்டாவது கணினியில் செய்து பாருங்கள், வேலைக் கணினியில் வேண்டாம்.

படி 5: பேக்அப், என் பிழையிலிருந்து

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் கணினிக்கு ஃபார்மட் அடித்தேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் வெளி டிஸ்குக்கு நகலெடுத்தேன். பிரவுசர் புக்மார்க்கைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து புதிதாகக் கணக்கு மென்பொருளை நிறுவித் திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை. அந்த மென்பொருள் தன் தரவை டாக்குமென்ட்ஸில் வைக்காமல், சி டிரைவில் தன்னை நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தது. மூன்று வருடக் கணக்கு. அப்பா திட்டவில்லை. பழைய பில் கட்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன், நான்கு இரவுகள்.

அதிலிருந்து நான் ஃபோல்டர் பொறுக்குவதில்லை. டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு படிமமாக வெளி டிஸ்கில் எடுத்துக்கொள்கிறேன். குளோன்ஜில்லா, ரெஸ்க்யூஜில்லா இரண்டுமே இலவசம். புதியவர்களுக்கு ரெஸ்க்யூஜில்லா சுலபம், சுட்டியாலேயே முடிந்துவிடும். அதற்கு மேல், முக்கியமான கோப்புகளைத் தனியாக இன்னொரு நகல். எடுத்த நகலிலிருந்து இரண்டு கோப்பையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத நகலும் நகல் இல்லாததும் ஒன்றுதான்.

மறந்துபோகும் மற்றவை: பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை கடவுச்சொல், மென்பொருள்களின் உரிமச் சாவி, அவுட்லுக்கில் மின்னஞ்சல்கள் சேரும் பிஎஸ்டி கோப்பு. மேகத்தில் ஒத்திசைக்கும் ஃபோல்டர் இருந்தால், கோப்பின் பக்கத்தில் மேகப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது.

11க்கு ஏற்றுபவர்கள்

இது எளிய வழி, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அழைப்பு வந்திருந்தால் அதையே அழுத்துங்கள். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டி வையுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரிகவரி பகுதியில் பழையதற்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளும் இடம் காலி செய்கிறேன் என்று டிஸ்க் கிளீனப் ஓட்டினால், பழைய விண்டோஸ் இருக்கும் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும், திரும்பும் வழியும் அடைந்துவிடும்.

ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்குப் போய்விட்டதே என்று முதல் நாள் எல்லோரும் புலம்புவார்கள். டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் கொண்டுவந்துவிடலாம்.

லினக்ஸுக்கு மாறுபவர்கள்

எந்த லினக்ஸ் என்று ஒரு வாரம் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட், சின்னமன் முகப்போடு (முகப்பு என்றால் திரையின் தோற்றமும் மெனுக்களும்). ரேம் 4 ஜிபிதான் என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ முகப்பு. ஸ்டார்ட் மெனு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், மூடும் பொத்தானும் மேலே வலது மூலையில்தான். மின்ட் 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பு மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும், அதில் இருப்பது அழிந்துவிடும். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். ஐஎஸ்ஓவைச் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் பூட் ஆகாது. கணினியை மறுபடி திறக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப், உங்கள் கணினியின் பூட் மெனு விசை எதுவோ அதை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் டிஸ்க் தொடப்படாது. கொஞ்சம் மந்தமாக இருக்கும், பென் டிரைவின் வேகம் அவ்வளவுதான், அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? (பிடிக்காவிட்டால் கைபேசியை யுஎஸ்பியில் மாட்டி இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராட்காம் சில்லு உள்ள லேப்டாப்புகளில் இது வழக்கம்.) ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் சத்தம் வருகிறதா? கேமரா? திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசைகள்? பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் எடுங்கள். பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று இருக்கிறது: லேப்டாப் மூடியை மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். திரை வருகிறதா, கறுப்பாகவே நிற்கிறதா? கறுப்பாக நின்றால் அந்தத் தொல்லை தினமும் உங்களோடு இருக்கும். கைரேகை உணரி பல லேப்டாப்புகளில் வேலை செய்யாது, அதை எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது.

எல்லாம் சரி என்றால் நிறுவும் முறை. ஒரே டிஸ்கில் விண்டோஸையும் லினக்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம், நிறுவும்போதே அந்தத் தேர்வு வரும். அதற்கு முன் விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத விடாது. புதியவர்கள் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்படும் இடம் இது.

இன்னொரு பயம், கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் நேரம் சில மணி நேரம் தள்ளி நிற்கும். பலகையில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் சண்டை. லினக்ஸ் பக்கம் உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், இரண்டு டிஸ்க் வைக்க இடமுள்ள கணினியில் இந்தப் பங்காளிச் சண்டையே வேண்டாம். லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி போட்டு, நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்கின் கம்பியைக் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்கை அழிக்க வழியே இல்லாமல் போகும்.

நிறுவிய முதல் நாளே டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு நிலைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம். அதில் உங்கள் சொந்தக் கோப்புகள் சேராது, அதற்குத் தனி பேக்அப்தான். இணையத்தில் பார்த்த கட்டளையை என்னவென்று தெரியாமல் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ஒட்டாதீர்கள், முக்கியமாக நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும், சூடோ என்று தொடங்குபவற்றை.

மேக் வைத்திருப்பவர்கள்

இன்டெல் மேக் என்றால் மேக்ஓஎஸ் 26 டஹோதான் கடைசி என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. அதுவும் சில இன்டெல் மாடல்களில் மட்டும் ஏறும். பழைய இன்டெல் மேக்குகளில் மின்ட் நன்றாகவே ஓடும். டி2 பாதுகாப்புச் சில்லு உள்ள, சுமார் 2018 முதல் 2020 வரையிலான மாடல்களில் அதற்கென்று தயாரித்த லினக்ஸ் பதிப்பு தேவைப்படும். முதல் முறை செய்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்த வழியில் போனாலும், எஸ்எஸ்டி மாற்றியதால் கையில் மிஞ்சிய பழைய ஹார்ட் டிஸ்கை உடனே ஃபார்மட் செய்து வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். மேலே தேதியை ஒட்டி ஒரு டிராயரில் போட்டுவையுங்கள், மூன்று மாதம். "அந்த ஃபைல் எங்கே போச்சு?" என்று வீட்டில் யாராவது கேட்பது பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள்தான்.